பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளம்

ஊடக வேலை பற்றியும் சங்கம் பற்றியும் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் ‘பெயர் போட வேண்டாம்’ என்ற குறிப்போடு வந்தவை. அதனால் யார் பெயரையும் போடவில்லை. என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: 1984-ல் மதுரையில் ஒரு நாளிதழில் பிழைதிருத்துநராகச் சேர்ந்தேன், 2016-ல் உதவி ஆசிரியராக ஓய்வு பெற்றேன். அதில் 11 ஆண்டுகள் சங்கப் பொருளாளர். சட்டக் கல்லூரிக்குப் போனவள் இல்லை. சந்தா நோட்டையும் வழக்குக் கட்டையும் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

சென்னையில் ஓர் இணையச் செய்தித் தளத்தில் வேலை செய்கிறேன். மொத்தம் 16 பேர். எல்லோருக்கும் ‘கன்சல்டன்ட்’ என்றுதான் ஒப்பந்தம். பி.எஃப். கிடையாது. மாதாமாதம் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். ஷிப்ட் மட்டும் கறாராக உண்டு. ஞாயிறு காலை 6 மணிக்கு லாகின் செய்யாவிட்டால் போன் வந்துவிடும். நாங்கள் சங்கம் வைக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
(உதவி ஆசிரியர், சென்னை)

முடியும். பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் போதும். ஆனால் விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் 16 பேரில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று உங்களுக்குத் தெரியுமா? இரண்டு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எங்கள் காலத்தில் சம்பள நாளன்று கேஷியர் மேசையில் பெரிய பதிவேடு விரிந்து கிடக்கும். நம் பெயருக்கு நேரே ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டால்தான் கவர் கைக்கு வரும். கையெழுத்துப் போடும்போது மேல் வரியும் கீழ் வரியும் கண்ணில் பட்டே தீரும். 1991-ல் ஒரு மாதம் அப்படித்தான் பார்த்தேன். எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த ஆண் பிழைதிருத்துநருக்கு என்னைவிட 140 ரூபாய் கூடுதல். அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வந்த வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது. மறுநாள் அவரிடமே கேட்டேன். அவருக்கும் அதுவரை தெரியாது. இரண்டு பேருமாகச் சங்கச் செயலாளரிடம் போனோம். பத்திரிகை ஊழியர் சம்பளத்தை நிர்ணயிக்க அரசு அமைத்த ஊதியக் குழுவான பச்சாவத் வேஜ் போர்டின் முடிவு 1989-ல் வந்தபோது என்னைத் தவறான நிலையில் பொருத்தியிருந்தார்கள். திருத்தம் வர எட்டு மாதம் ஆயிற்று. நிலுவையோடு வந்தது. எனக்காக எழுதிய மனுவில் இரண்டாவது கையெழுத்து அந்தத் தம்பியுடையது.

இன்று சம்பளம் போனில் ஒரு குறுஞ்செய்தியாக வருகிறது. அதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், இல்லாவிட்டால் ஹெச்.ஆர். வாயால் சொல்லியிருப்பார். பக்கத்து நாற்காலியில் இருப்பவர், அல்லது வீட்டிலிருந்து வேலை செய்வதால் முகம்கூடப் பார்த்திராதவர், என்ன வாங்குகிறார் என்று தெரியாதவரை ஒவ்வொருவரும் ‘எனக்கு மட்டும்தான் குறைவு’ என்றோ ‘எனக்குக் கூடுதல், வாயைத் திறந்தால் போய்விடும்’ என்றோ நினைத்துக்கொண்டு தனியாகவே இருப்பார்கள். முதலில் நம்பிக்கையான மூன்று பேர் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, சம்பளத்தையும் சேர்ந்த தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் சங்கத்தின் முதல் ஆவணம்.

அடுத்து ‘கன்சல்டன்ட்’. அந்தப் பெயருக்காகப் பயப்படாதீர்கள். ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதோடு நீதிமன்றம் நிற்பதில்லை. யார் வேலை கொடுக்கிறார்கள், யார் மேற்பார்வை செய்கிறார்கள், எத்தனை மணிக்கு வரச் சொல்கிறார்கள், லீவு யாரிடம் கேட்க வேண்டும் என்று பார்க்கும். உங்கள் ஞாயிறு காலை 6 மணிப் போன்தான் உங்களுக்குச் சாட்சி. ஷிப்ட் பட்டியல் வரும் வாட்ஸ்அப் செய்திகள், லீவு கேட்டு அனுப்பிய மெயில், அடையாள அட்டை, வருமான வரிக் கணக்கில் டி.டி.எஸ். காட்டும் பக்கம் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். உங்கள் சொந்த வேலை சம்பந்தப்பட்டவை மட்டும் போதும். அலுவலக ரகசியம் எதையும் எடுக்க வேண்டாம், அது உங்கள்மேலேயே திரும்பும்.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று வந்திருக்கிறது. 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நாளிதழையும் செய்தி நிறுவனத்தையும்தான் பார்த்தது. இணையம் அன்று ஏது? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில், பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பில் ‘உழைக்கும் பத்திரிகையாளர்’ என்பதற்குள் மின்னணு ஊடகமும் டிஜிட்டல் ஊடகமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஏழு நாளில் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்ற பழைய பாதுகாப்பு அதிலும் தொடர்கிறது. வாரக் கணக்கில் பார்த்தால் 36 மணி நேரம். உங்கள் லாகின் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. அந்தச் சட்டத்துக்கு ஒரு வரம்பும் இருக்கிறது: பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். நீங்கள் 16 பேர் என்பதை நான் இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டேன்.

தனிச் சங்கம் வைப்பதா, ஏற்கெனவே மாநில அளவில் இருக்கும் பத்திரிகையாளர் சங்கம் ஒன்றில் சேர்வதா என்று அடுத்து கேட்பீர்கள். 16 பேர் மட்டும் தனியாக நிற்பதைவிட, வேறு நிறுவனத்துக்காரர்களும் இருக்கும் சங்கத்தில் கிளையாகச் சேருங்கள். ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால் கேட்பதற்கு வெளியில் ஆள் வேண்டும். நிறுத்தப்பட்டவர் நாளைக் கடத்தவும் கூடாது. தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது; இப்போது இரண்டுதான்.

மஜீதியா வேஜ் போர்டு இணைய ஊழியருக்கும் வருமா?
(வாசகர், திருச்சி)

வராது. அது நாளிதழ், செய்தி நிறுவன ஊழியர்களுக்கானது. 2011 நவம்பரில் அறிவித்தார்கள். உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2014 பிப்ரவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நிலுவையை ஓராண்டில் நாலு தவணையாகக் கொடு என்றது. அதற்குப் பிறகும் கொடுக்காதவர்கள்மேல் அவமதிப்பு வழக்கு, 2017 ஜூனில் இன்னொரு தீர்ப்பு. அதில் ஒப்பந்த ஊழியருக்கும் இந்த ஊதியம் உண்டு என்று சொன்னது பெரிய விஷயம். நான் ஓய்வுபெறும்போது என்னுடைய கடைசித் தவணை வரவில்லை. அதற்காக இரண்டு வருடம் மனுப்போட்டுத்தான் வாங்கினேன்.

இது புதிய கதையும் இல்லை. முதல் வேஜ் போர்டின் முடிவையே, பத்திரிகைகளால் அவ்வளவு கொடுக்க முடியுமா என்று பார்க்கவில்லை என்பதற்காக 1958-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் வேறொரு சட்டம் போட்டு ஊதியத்தை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. அந்த 1955, 1958 சட்டங்கள் இரண்டையும் இப்போது நீக்கிவிட்டார்கள். வேஜ் போர்டும் அவற்றோடு போயிற்று. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு, மறைக்கவில்லை. இணையப் பத்திரிகையாளருக்குச் சட்டத்தில் பெயர் கிடைத்த அதே நேரத்தில், ஊதியப் படிநிலை போட்டுக் கொடுத்த ஏற்பாடு எல்லோருக்குமே இல்லாமல் போய்விட்டது. இனி சம்பளத்தைப் பேசித்தான் வாங்க வேண்டும். தனியாகப் போய் ஹெச்.ஆர். முன்னால் உட்கார்ந்து பேசுவதற்கும், பத்து பேர் கையெழுத்துப் போட்ட தாளோடு பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் 1991-லேயே பார்த்தவள்.

நான் வீடியோ எடிட்டர். தம்ப்நெயிலும் நானே செய்கிறேன். நிருபர்கள் ஒன்று கூடினால் ‘நீ டெக்னிக்கல் ஆள், இது பத்திரிகையாளர் விஷயம்’ என்கிறார்கள். நான் யார்?
(கோவை)

அப்படிச் சொன்னவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். 1955 சட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘உழைக்கும் பத்திரிகையாளர் மற்றும் இதர நாளிதழ் ஊழியர்’ என்று இருந்தது. பத்திரிகையாளர் என்பதற்கான விளக்கத்தில் தலையங்கம் எழுதுபவர், நிருபர், கார்ட்டூன் வரைபவர், புகைப்படக்காரர் ஆகியோரோடு கடைசியில் பிழைதிருத்துநரும் உண்டு. என் வேலையின் பெயரைச் சட்டப் புத்தகத்தில் முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன் என்னையும் ‘நீ ப்ரூஃப் பார்க்கிற பொண்ணுதானே’ என்றுதான் பேசினார்கள்.

வீடியோ எடிட்டர் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் ‘இவர்களும் அடங்குவர்’ என்று தொடங்குவதால் வாதாட இடம் இருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். மேலே சொன்ன நான்கு சட்டங்களில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பில் திறன் வேலை, தொழில்நுட்ப வேலை செய்பவர் எல்லோருமே தொழிலாளர்தான். அதனால் சங்கத்தில் சேர உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. எங்கள் சங்கத்தில் அச்சுக்கோப்பவர்களும் பார்சல் கட்டுபவர்களும் இருந்தார்கள். ஒருமுறை நாங்கள் பேச்சுவார்த்தைக்குப் போனபோது நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்ததே, அன்று இரவு பார்சல் பகுதிக்காரர்களும் எங்களோடு நின்றதால்தான். உங்கள் நிறுவனத்தில் நிருபர் ஒரு நாள் வராவிட்டாலும் ஏஜென்சி செய்தி ஓடும். நீங்கள் வராவிட்டால் சேனலில் அன்று வீடியோவே ஏறாது.

தாலுகா நிருபராக இருக்கிறேன். ஒரு செய்திக்கு 60 ரூபாய், வீடியோ கொடுத்தால் 150. இப்போது பார்வை எண்ணிக்கை குறைந்தால் அந்த 150-ம் இல்லை என்கிறார்கள். தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். எங்களுக்கெல்லாம் சங்கம் கதைதானே?
(திருநெல்வேலி மாவட்டம்)

தம்பி, உங்கள் கடிதம்தான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. சட்டம் ‘முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ’ என்றுதான் சொல்கிறது. பத்திரிகை வேலையே உங்கள் முதன்மைத் தொழில் என்று காட்ட வேண்டும். அதற்கு அடையாள அட்டையும் வங்கிக் கணக்கில் வந்த பணமும் உதவும். ஆனாலும் உங்கள் வழி சென்னைக்காரர் வழியைவிடக் கடினம். மாவட்ட அலுவலகத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் அட்டை போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் தாலுகாவில் எல்லாப் பத்திரிகை, சேனல் நிருபர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கும், ஓர் எட்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். விபத்து என்றால் ஒருவர் போட்டோ எடுத்துப் போடுவார், மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். செய்தியைப் பகிர்ந்துகொள்ளும் அந்த எட்டு பேரும் ரேட்டைப் பகிர்ந்துகொண்டதுண்டா? யாருக்கு 60, யாருக்கு 100, யாருக்கு மாத ரீடெயினர் (மாதாமாதம் நிலையான தொகை), யாருக்கு பெட்ரோல் காசு என்று ஒரு பட்டியல் போடுங்கள். குழுவில் வேண்டாம், தாலுகா ஆபீஸ் வாசலில் நேரில் பேசுங்கள். எட்டு பேரும் வெவ்வேறு முதலாளிக்கு வேலை செய்வதால், ஒருவரின் அட்டையைப் பிடுங்கினால் மற்ற ஏழு பேர் மாவட்டச் சங்கத்துக்கு எழுத முடியும். உசிலம்பட்டிப் பக்கம் பகுதிநேர நிருபர்கள் அப்படிச் சேர்ந்து தபால் செலவும் போன் செலவும் வாங்கினார்கள். தொகை சின்னதுதான். ஆனால் கேட்டு வாங்கியது.

விளம்பரம் பிடிக்கும் வேலையை எழுத்தில் கேளுங்கள். “எத்தனை சதவீதம் கமிஷன், எந்தத் தேதியில்” என்று ஒரு மெயில் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் மெயில் இருக்கும்.

சங்கம் வைத்தால் கம்பெனியையே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இணையத் தளத்துக்கு என்ன, மெஷினா கட்டடமா? ஒரு பட்டன்தானே?
(வாசகி, சேலம்)

நடந்திருக்கிறது. நியூயார்க்கில் டி.என்.ஏ.இன்ஃபோ, கோதமிஸ்ட் என்று இரண்டு செய்தித் தளங்கள் ஒரே உரிமையாளரிடம் இருந்தன. 2017 அக்டோபரில் நியூயார்க் செய்தியறை ஊழியர்கள் எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்ட் கிழக்குப் பிரிவில் சேர வாக்களித்தார்கள். ஒரு வாரம்கூடச் சரியாக ஆகவில்லை. நவம்பர் 2 அன்று ஜோ ரிக்கெட்ஸ் என்ற அந்த உரிமையாளர் இரண்டையும் மூடினார். 115 பேருக்கு வேலை போயிற்று. எந்தச் செய்தியைத் திறந்தாலும் அவருடைய கடிதம்தான் வந்தது. ஊழியர்கள் வருடக்கணக்கில் எழுதியது எதையும் கொஞ்ச நேரத்துக்குப் படிக்க முடியவில்லை. பிறகு பழைய பக்கங்கள் திரும்பின. அடுத்த ஆண்டு ஒரு பொது வானொலி நிலையம் கோதமிஸ்ட்டை வாங்கி மறுபடி நடத்தத் தொடங்கியது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் இன்னொன்று நடந்தது. 2015 ஜூனில் காக்கர் என்ற அமெரிக்க இணைய ஊடக நிறுவனத்தில் 80 பேர் ஆதரவாகவும் 27 பேர் எதிராகவும் வாக்களித்து அதே சங்கத்தில் சேர்ந்தார்கள். சங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தைத் தங்கள் தளத்திலேயே வாசகர் பார்க்க நடத்தினார்கள். காக்கர் அடுத்த ஆண்டு மூடப்பட்டது. அதற்குக் காரணம் ஒரு மல்யுத்த வீரர் போட்ட அந்தரங்க வழக்கு. அதன் மற்றத் தளங்களை வாங்கிய நிறுவனத்தில் சங்கம் தொடர்ந்தது.

ஆகவே மூட மாட்டார்கள் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நான் கேட்பது வேறு. 2020 ஊரடங்கில் நம் ஊரில் எத்தனை பதிப்புகள் நின்றன, எத்தனை பேரை ஒரு போன் அழைப்பில் அனுப்பினார்கள்? அவற்றில் பல இடங்களில் சங்கமே இல்லை. அந்த ஏப்ரலில் ஆட்குறைப்பையும் சம்பள வெட்டையும் எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவை டெல்லி பத்திரிகையாளர் சங்கம், மும்பைச் சங்கம், தேசியப் பத்திரிகையாளர் கூட்டணி ஆகியவைதான். அன்று என் பழைய அலுவலகத்தில் வேலை போன இரண்டு பெண்கள் எனக்குப் போன் செய்தார்கள். இருவருக்கும் ஒரே நாளில்தான் போயிற்று. ஒருவருக்கு மற்றவர் விஷயம் நான் சொல்லித்தான் தெரிந்தது.

சங்கம் என்றால் சம்பளம், போனஸ் தவிர வேறு என்ன? எழுத்துச் சுதந்திரத்துக்கு அது என்ன செய்யும்?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

உங்களுக்கு அடுத்த மாநிலத்துக்காரர் சித்திக் கப்பனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அழிமுகம் என்ற மலையாள இணையத் தளத்துக்கு டெல்லியிலிருந்து எழுதியவர். 2020 அக்டோபர் 5 அன்று, தலித் இளம்பெண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த ஹாத்ராஸுக்குப் போகும் வழியில் உத்தரப் பிரதேசக் காவல் துறை கைது செய்தது. பிறகு உபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டது கேரள உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம். அப்போது அதன் டெல்லிக் கிளைச் செயலாளர் அவர். 2021 ஏப்ரலில் சிறையில் அவர் உடல்நிலை மோசமானபோது, டெல்லி மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவு வாங்கியதும் அந்த மனு வழியாகத்தான். 2022 செப்டம்பரில் ஜாமீன். இன்னொரு வழக்கால் வெளியே வந்தது 2023 பிப்ரவரியில். ஒரு சின்ன இணையத் தளத்தில் எழுதுபவருக்கு அத்தனை நாள் வழக்கறிஞரோடு நிற்க யாரால் முடியும்?

இன்னொன்றும் சொல்கிறேன். 1955 சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் பணிக்கொடைப் பிரிவு. பணிக்கொடை கிடைக்க, வேறு காரணத்துக்காக ராஜினாமா செய்தால் பத்து ஆண்டு சேவை வேண்டியிருந்தது. மனசாட்சி காரணமாக ராஜினாமா செய்தால் மூன்று ஆண்டே போதும் என்று இருந்தது. பொய்யை எழுத மாட்டேன் என்று எழுந்து போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று சட்டமே நினைத்தது.

எங்கள் டெஸ்க்கில் மொழிபெயர்ப்பை ஏ.ஐ. செய்கிறது. ஏழு பேர் இருந்த இடத்தில் மூன்று பேர். என்ன கேட்பது?
(சென்னை)

1990-களில் கணினி வந்து பிழைதிருத்தும் பகுதியில் எங்கள் நாற்காலிகளும் இப்படித்தான் குறைந்தன. கணினி வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. ‘யாரையும் அனுப்பாதே, செய்தி திருத்தும் டெஸ்க்கில் பயிற்சி கொடு, சம்பளத்தைக் குறைக்காதே’ என்று மூன்றைக் கேட்டது. நான் உதவி ஆசிரியர் ஆனது அந்த ஒப்பந்தத்தில்தான். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலை நிறுத்தம் செய்து, ஏ.ஐ.யைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். மேலே சொன்ன ரைட்டர்ஸ் கில்ட்தான் அதையும் நடத்தியது. நீங்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: இயந்திரம் பெயர்த்ததில் தப்பு வந்தால் மெமோ யாருக்கு?

சந்தா எவ்வளவு வைக்கலாம்?
(முதல் கேள்வி கேட்ட அதே வாசகர், இரண்டாவது கடிதம்)

புதிதாகச் சேர்ந்தவரும் யோசிக்காமல் கொடுக்கும் தொகையாக வையுங்கள். 50 ரூபாய் போதும். தனி ஒருவரின் ஜி.பே. எண்ணுக்கு வாங்காதீர்கள். இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். 50 ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். மாதக் கடைசியில் வரவு செலவைக் குழுவில் போடுங்கள். அந்தக் குழுவில் மேனேஜர் இருக்கக் கூடாது. நான் வைத்திருந்த சந்தா நோட்டின் கோடு போட்ட மாதிரியைப் போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் ‘சேர்ந்த தேதி, சம்பளம்’ என்று இருக்கும். அதை விட்டுவிடாமல் நிரப்புங்கள்.